இடியாப்பத்தில் இழை எங்கே? உணவுப் படங்களைக் கெடுக்கும் ‘பளிச்’ மோகம்

இரவு எட்டு மணிக்குப் பசியோடு டெலிவரி ஆப்பைத் திறந்து ‘இடியாப்பம்’ என்று தேடினால் வரிசையாகப் படங்கள் வரும். சிலவற்றில் இழை இழையாக இடியாப்பம் தெரியும். சிலவற்றில் தட்டின் நடுவே ஒரு வெள்ளைத் திட்டு மட்டும்தான். அது இடியாப்பமா, இட்லியா, மடித்து வைத்த கைக்குட்டையா என்றே புரியாது. விரல் தானாக அடுத்த கடைக்கு நகர்ந்துவிடும்.

அந்தக் கடையின் சமையலில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். போட்டோவில் வெள்ளை ‘ஓவர் எக்ஸ்போஸ்’ ஆகிவிட்டது, அவ்வளவுதான். பெரிய ஓட்டல்கள் இதற்கென்றே போட்டோகிராபரை வரவழைக்கும். வீட்டில் சமைத்து விற்பவருக்கும் தெருமுனை மெஸ்ஸுக்கும் கையில் இருக்கும் போன்தான் ஸ்டூடியோ. இந்தச் சின்னத் தவறுக்கு அதிக விலை கொடுப்பதும் அவர்கள்தான்.

வெளுத்தது ஏன் திரும்ப வராது?

வழக்கமான ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் அளவும் 0 முதல் 255 வரை எண்ணாகப் பதிவாகும். மூன்றும் 255-ஐத் தொட்டால் முழு வெள்ளை. அதற்கு மேல் எண் கிடையாது. இடியாப்ப இழையும், இழைகளுக்கு நடுவே விழும் மெல்லிய நிழலும் சேர்ந்து 255-இல் போய் முட்டினால், இரண்டுக்கும் வித்தியாசமே இருக்காது.

‘அப்புறம் எடிட்டிங்கில் பார்த்துக்கலாம்’ என்ற சமாதானம் இங்கே எடுபடாது. பிரைட்னஸைக் குறைத்தால் அந்த வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாக மாறும். இழை வராது. கொஞ்சம் இருட்டாக எடுத்த படத்தை ஓரளவு தேற்றிவிடலாம். வெளுத்துப்போனதைத் தேற்ற முடியாது.

போன் எங்கே ஏமாறுகிறது?

தட்டில் இருப்பது இட்லி என்பதற்காக கேமரா வெள்ளையைக் காப்பாற்றும் என்று நம்பிவிட முடியாது. மொத்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் அது பொதுவாக முயலும். கறுப்பு கிரானைட் மேடையில் பெரிய வாழையிலை, நடுவில் இரண்டு இட்லி என்றால், ‘இருட்டா இருக்கே’ என்று கணக்குப் போட்டு எல்லாவற்றையும் பிரகாசமாக்கும். இலை அழகாக வரும். இட்லி காணாமல் போகும்.

போன் நிறுவனங்களுக்கு இது தெரியாததல்ல. கூகுள் 2013-இல் நெக்சஸ் 5 போனில் கொண்டுவந்த ஹெச்டிஆர் பிளஸ் முறை, வேண்டுமென்றே வெளிச்சம் குறைத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கிறது. நிழல் பகுதிகளைப் பிறகு தூக்கிக்கொள்ளும். முதலில் வெள்ளையைக் காப்பாற்றுவதுதான் அதன் கணக்கு. பொறியாளர்கள் இவ்வளவு மெனக்கெட்ட பிறகு, பிரைட்னஸை இன்னும் நாலு புள்ளி ஏற்றிவிட்டு அப்லோட் செய்வது என்ன நியாயம்?

இதைச் செய்து பாருங்க

• திரையில் சாம்பார் மேலயோ இலை மேலயோ தொடாதீங்க. இட்லி மேல தொடுங்க. பெரும்பாலான போன்கள் தொட்ட இடத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைச் சரிசெய்யும்.

• தொட்டதும் வரும் சூரியன் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்க. துளைகளும் ஓரத்து நிழலும் தெரிந்ததும் நிறுத்திக்கலாம்.

• ஃப்ளாஷ் வேண்டாம். தட்டை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைங்க. வெயில் நேராக அடித்தால் ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் திரைபோலக் கட்டினால் போதும். நிழல் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் எதிரில் ஒரு தெர்மாகோல் அட்டை.

• மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் தயிர்சாதம் மஞ்சளாக வந்தால் பிரைட்னஸை ஏற்றாதீங்க. அது நிறப் பிரச்சினை. வொயிட் பேலன்ஸில்தான் சரிசெய்யணும்.

‘பளிச்னு இருந்தாதானே கண்ணுல படும்?’

கேள்வி நியாயமானதுதான். சின்னத் திரையில் மங்கலான படத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால், பளிச்சென்று இருக்க வேண்டியது மொத்தப் படமும்தான், இட்லி மட்டும் அல்ல. இட்லியின் வெள்ளையை 255-க்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்திவிட்டு, கறுப்பு மேடைக்குப் பதில் வெளிர் மர நிறத்திலோ மங்கலான துணியிலோ தட்டை வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளை என்றால் சுத்தம், பளபளப்பு என்றால் தரம் என்று விளம்பரங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. ஆனால், சாப்பிடுபவர் தேடுவது வேறு. இட்லியில் துளை, ஆப்பத்தின் ஓரத்தில் சல்லடை, தேங்காய்ச் சட்னியில் துருவலின் கரகரப்பு. மென்மையா, புதுசா என்பதைப் படம் இவற்றின் மூலம்தான் சொல்லும். அவற்றை அழித்துவிட்டுப் பளபளப்பைக் காட்டுவது, விற்க வேண்டிய பொருளையே மறைத்துவைத்து வியாபாரம் செய்வது போல.

அடுத்த முறை கிளிக் செய்ததும் அப்லோட் பட்டனுக்குப் போகும் முன், படத்தை ஜூம் செய்து வெள்ளைப் பகுதியை மட்டும் பாருங்க. இழை தெரியலையா? இடியாப்பம் ஆறுவதற்குள் இன்னொரு கிளிக்.