டெலீட் கீயைத் தட்டும் முன்...

எக்ஸெலில் கிராஃப் வரைவது எளிது. எண்களைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் டேபில் சார்ட்டைக் கிளிக் செய்தால் போதும். அதைவிட எளிதான வேலை ஒன்று உண்டு. கோட்டோடு ஒத்துவராமல் ஒரு புள்ளி தனியாக நின்றால், அதற்குரிய செல்லுக்குப் போய் டெலீட் கீயைத் தட்டுவது! புள்ளி காணாமல் போய், கிராஃப் அழகாகிவிடும். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த கையோடு, பிராக்டிகல் ரெக்கார்டுக்கும் புராஜெக்ட்டுக்கும் கிராஃப் போடத் தொடங்கும் மாணவர்களிடம் இந்தப் பழக்கம் சீக்கிரமே ஒட்டிக்கொள்கிறது. இதை முளையிலேயே நிறுத்த வேண்டும் என்பேன்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1 மீட்டர் நீளமுள்ள தனி ஊசல். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை ஸ்டாப் வாட்ச் கொண்டு ஐந்து முறை அளந்ததில் 40.2, 40.0, 40.3, 38.1, 40.1 விநாடிகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கும் சராசரி 39.74. இதை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால் 10.0 வருகிறது. 38.1-ஐ விட்டுவிட்டால் சராசரி 40.15, முடுக்கம் 9.80. புத்தகத்தில் உள்ள அதே விடை! பிறகு எந்த மாணவருக்குக் கை சும்மா இருக்கும்? 9.8 வந்தால்தான் முழு மார்க் என்று சொல்லும் ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆனால் அந்த 38.1-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மற்ற ரீடிங்குகளைவிட ஏறக்குறைய 2 விநாடி குறைவு. இந்த ஊசல் ஒரு முறை போய்வர ஆகும் நேரமும் 2 விநாடிதான். அப்படியானால் 20-க்குப் பதில் 19 அலைவிலேயே வாட்ச்சை நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். இப்போது அதை ஒதுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. 9.8 வரவில்லை என்பது காரணமே அல்ல. எண்ணும்போது ஒன்று விட்டுப்போயிருக்கலாம் என்பதுதான் காரணம்.

காரணம் கிடைத்த பிறகும் அழிக்காதீர்கள். அந்த எண்ணைப் பக்கத்துக் காலத்துக்கு நகர்த்தி, அதற்கு அடுத்த செல்லில் காரணத்தை டைப் செய்யுங்கள். இரண்டு காலங்களையும் சேர்த்து சார்ட் போட்டால், விலகிய புள்ளி வேறு நிறத்தில் தெரியும். டிரெண்ட்லைனை முதல் காலத்துக்கு மட்டும் சேர்க்கலாம். பார்ப்பவருக்கு எதுவும் மறைக்கப்படவில்லை. காரணம் பிடிபடவில்லை என்றால் புள்ளி அதன் இடத்திலேயே இருக்கட்டும். இன்னும் ஐந்து முறை அளந்து பாருங்கள்.

இதெல்லாம் பள்ளிக்கூட விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். 1978-ல் அமெரிக்காவின் நாசா ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோள் ஓசோன் அளவைக் கணக்கெடுத்து வந்தது. 180 டாப்சன் யூனிட்டுக்குக் கீழே வரும் எண்களைச் சந்தேகத்துக்குரியவை என்று அதன் சாஃப்ட்வேர் குறியிட்டு வைத்தது. அவ்வளவு குறைவான அளவை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. 1985-ல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் தரையிலிருந்து எடுத்த அளவுகளைக் கொண்டு, அங்கு ஓசோன் வேகமாகக் குறைந்துவருவதை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். நாசாவின் கம்ப்யூட்டர் அந்த எண்களைத் தூக்கி எறிந்துவிட்டது என்று இன்றும் பலர் கதை சொல்கிறார்கள். உண்மையில் எறியவில்லை, குறியிட்டதோடு சரி. எண்கள் பத்திரமாக இருந்ததால்தான், அவற்றை மீண்டும் ஆராய்ந்து, இந்தக் குறைவு ஒரு நிலையத்தோடு நிற்கவில்லை, அண்டார்டிகா வட்டாரம் முழுவதிலும் பரவியிருக்கிறது என்று 1986-ல் நாசா விஞ்ஞானிகளால் காட்ட முடிந்தது. புரோகிராம் எழுதிப் பிழைக்கும் எனக்கு, யாரோ ஒருவர் அந்த இடத்தில் டெலீட் கட்டளை எழுதாமல் விட்டது பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

அடுத்து எரர் பார். புள்ளியின் மேலும் கீழும் நீளும் இந்தச் சிறு கோடுகள், அளவீடு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று சொல்பவை. எக்ஸெலில் சார்ட்டின் ஓரத்தில் உள்ள பிளஸ் பட்டனை அழுத்தி எரர் பார்ஸ் என்பதை டிக் செய்தால் உடனே வந்துவிடும். அங்கேதான் வம்பு. 40, 60, 80, 100 செ.மீ. ஊசல்களின் சராசரி நேரங்களை நீங்கள் வரைந்திருந்தால், எக்ஸெல் அந்த நான்கு சராசரிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை எடுத்துக் கணக்குப் போட்டு, எல்லாப் புள்ளிக்கும் ஒரே நீளத்தில் கோடு போடும். நீளம் மாறினால் நேரம் மாறத்தானே செய்யும்? அது பிழையே அல்ல. பெர்சென்டேஜ் என்பதைத் தேர்ந்தெடுத்தாலோ, எங்கிருந்தோ 5 சதவீதம் வந்து உட்காரும்.

ஒவ்வொரு நீளத்துக்கும் உங்கள் ரீடிங்குகளின் திட்ட விலக்கத்தைத் தனித்தனியே கணக்கிட்டு ஒரு காலத்தில் வையுங்கள். ஃபார்முலாஸ் டேபில் ஸ்டாட்டிஸ்டிக்கல் பட்டியலில் அதற்கான ஃபங்ஷன் இருக்கிறது. பிறகு எரர் பார் ஆப்ஷன்களில் கஸ்டம், ஸ்பெசிஃபை வேல்யூ சென்று, பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் அந்தக் காலத்தைக் காட்டுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இப்படி செல் ரேஞ்ச் கொடுக்க வசதி உண்டு.

மேலே சொன்ன 1 மீட்டர் ஊசலுக்கு, 38.1 சேர்ந்தால் திட்ட விலக்கம் 0.92, சேராவிட்டால் 0.13. ஒரே ஒரு ரீடிங் எரர் பாரை ஏழு மடங்கு நீட்டிவிடுகிறது. ஆகவே கிராஃபின் கீழே இரண்டு விவரம் எழுதுங்கள்: கோடு எதைக் குறிக்கிறது, எத்தனை ரீடிங்குகளிலிருந்து வந்தது. ‘எரர் பார்: திட்ட விலக்கம், 4 ரீடிங், 1 ரீடிங் சேர்க்கப்படவில்லை, எண்ணிக்கைத் தவறு என்று கருதப்படுகிறது’ என்ற அளவில் இருந்தால் போதும்.