இல்லறத்தின் உழைப்பும் உலகத்தின் கணக்கும்

நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த ஒரு மூதாட்டியைக் குறித்து நம் சிற்றூர்களில் பேச்செழும்போதெல்லாம் இரண்டு வார்த்தைகளே திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. "அந்த அம்மாள் வேலைக்கென்று எங்கும் போனதில்லை, வீட்டோடுதான் இருந்தார்" என்பது ஒன்று; "குடும்பத்துக்காகத் தம்மையே தியாகம் செய்த உத்தமி" என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்பவர் அலட்சியமாகச் சொல்கிறார். இரண்டாவதைச் சொல்பவர் கண் கலங்கச் சொல்கிறார். ஆயினும் இரண்டும் ஒரே அபிப்பிராயத்திலிருந்து கிளைத்தவை என்றும், அந்த அபிப்பிராயம் அடியோடு தவறானது என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன். அடுக்களையும் குழந்தை வளர்ப்பும் நோயாளிக்குச் செய்யும் பணிவிடையும் பெண்ணின் சுபாவத்திலிருந்து தாமாகவே சுரப்பவை, அவற்றுக்குப் பயிற்சியோ யோசனையோ வேண்டியதில்லை, ஆதலால் அவை உழைப்பின் கணக்கில் சேரமாட்டா என்னும் எண்ணமே அது.

இவ்வெண்ணம் திண்ணைப் பேச்சோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது ராஜாங்கத்தின் ஏடுகளிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் குடிமதிப்புக் கணக்கு, சமைத்தும் பாத்திரம் துலக்கியும் குழந்தைகளைப் பேணியும் தண்ணீர் சுமந்தும் வாழ்ந்த ஏறத்தாழ 36 கோடிப் பெண்களை வேலை செய்யாதோர் என்ற பகுப்பில் வைத்தது. பிச்சையெடுப்போரும் சிறைக் கைதிகளும் அதே பகுப்பில்தான் இருந்தனர் என்பதை 2010-இல் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துக்காட்டிக் கண்டித்தது. பொருளாதார சாஸ்திரமும் இவ்விஷயத்தில் பின்தங்கிவிடவில்லை. ஒருவர் தம் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணை மணந்துகொண்டால் தேசத்தின் வருமானம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும் என்ற முரண்பாட்டைப் பிகூ என்னும் ஆங்கில அறிஞர் 1920-இலேயே சுட்டிக்காட்டினார். அதே கை, அதே அடுப்பு, அதே சோறு. தாலி ஏறியவுடன் கணக்கிலிருந்து மட்டும் மறைந்துவிடுகிறது! ஒரு நூற்றாண்டு கடந்தும் அந்த முரண்பாடு தீர்ந்தபாடில்லை.

நான் அறிந்த ஒரு வாழ்வையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன். 1982-இல் மயிலாடுதுறை என்று பெயர் மாறிய மாயவரத்தில் என் பாட்டி அறுபது ஆண்டுகளுக்கு மேல் குடித்தனம் நடத்தினார். பாட்டனார் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பதோடு அவர் கடமை முடிந்தது. அதை மாதக் கடைசி வரையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு போவது பாட்டியின் பொறுப்பு. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோன காலத்தில் புதுப்பெண்ணாக அந்த வீட்டில் நுழைந்த அவர், 1952-இல் ராஜாஜியின் அரசாங்கம் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கும் வரையில், ரேஷன் அரிசியோடு கேழ்வரகையும் கிழங்கையும் கலந்து, வீட்டில் ஒருவரும் பசியோடு படுக்காதபடி பார்த்துக்கொண்டார். பற்றாக்குறையைப் பங்கிட்டுச் சமாளிப்பதை ஜில்லா அதிகாரி செய்தால் நிர்வாகம் என்கிறோம்; ஒரு பெண் செய்தால் அதற்குப் பெயரே வைப்பதில்லை.

1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வழக்கத்துக்கு வந்தபோது நிகழ்ந்ததை என் தந்தையார் பலமுறை சொல்லியிருக்கிறார். ஓர் அணாவுக்குக் கணக்குப்படி ஆறேகால் பைசா; கால் பைசாவுக்கு நாணயம் இல்லாமையால் கடைக்காரர் ஓரணாச் சாமானுக்கு ஏழு பைசா கேட்டார். நாலணா என்பதோ சரியாக 25 பைசா. நான்காம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பாட்டி இதை அன்றைக்கே கண்டுகொண்டு, கடுகையும் மிளகையும் சீரகத்தையும் ஓரணா ஓரணாவாக வாங்கிவந்த பழக்கத்தை விட்டு, எல்லாவற்றையும் நாலணாக் கணக்கில் சேர்த்து வாங்கலானார். நான்கு முறைக்கு 28 பைசா போகவேண்டிய இடத்தில் 25-தான் போயிற்று. மூன்று பைசா அற்பம் என்று எண்ணுகிறவர்கள், குமாஸ்தாச் சம்பளத்தில் ஐந்து பிள்ளைகளைப் படிக்கவைத்துப் பார்க்கவேண்டும்.

அடுக்களையிலும் அவருக்கிருந்தது சுபாவத்தில் வந்த சாமர்த்தியம் அன்று. கவனித்துக் கவனித்துச் சேர்த்த ஞானம். அரிசி மூட்டை பிரித்ததும் ஒரு பிடியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். ஒரு மணியை முன்பல்லில் கடிப்பார். "இது புது அரிசிடீ, தண்ணியைக் குறைச்சு வை, இல்லாட்டி குழைஞ்சுபோகும்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு அப்பால் போவார். மார்கழிக் குளிரில் புளிக்க மறுக்கும் மாவை அடுப்பின் கதகதப்பில் வைப்பதும், சித்திரையில் அது பொங்கி வழியாதபடி அரைக்கும் வேளையையே தள்ளிப்போடுவதும் அவர் தாமாகக் கண்ட முறைகள். கைமருந்து எதுவரையில் போதும் என்பதையும் அவர் அறிவார்; அந்த எல்லை கடந்துவிட்டதென்று தோன்றினால், நடுநிசி என்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு வண்டி கொண்டுவரச் சொன்னவரும் அவரே. அந்தத் தீர்மானத்தால் உயிர் பிழைத்த என் சிற்றப்பா இன்று எண்பதைத் தொடுகிறார்.

இனித் தியாகம் என்னும் புகழ்ச்சிக்கு வருகிறேன். அலட்சியத்தைவிட இதுவே அதிக ஆபத்தானது என்பது என் துணிபு. பாட்டியின் படிப்பு நிறுத்தப்பட்டது. எல்லோரும் உண்டு மிஞ்சியதையே அவர் உண்டார். வீடு வாங்கியபோது அவருடைய காசுமாலை அடகுக்கடைக்குப் போயிற்று, திரும்பவேயில்லை. பத்திரமோ பாட்டனார் பெயரில் மட்டுமே பதிவாயிற்று. இவற்றில் எதற்காகவாவது அவருடைய சம்மதத்தை யாரேனும் கேட்டதுண்டா? கேளாமல் எடுத்துக்கொண்டதை அவர் மனமுவந்து கொடுத்ததாக எழுதி, அதன்மேல் மாலையும் சாத்தி, எடுத்துக்கொண்டவர்களின் மனச்சாட்சியை உறங்கவைப்பதுதான் இந்தத் தியாகப் பேச்சு செய்யும் காரியம். தெய்வமாக்கிவிட்டால் கூலி கொடுக்கவேண்டியதில்லை, பங்கு கொடுக்கவேண்டியதில்லை, ஓய்வும் கொடுக்கவேண்டியதில்லை.

அன்பினால் செய்ததற்கு விலை பேசினால் அன்பு மாசுபடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோயில் குருக்களுக்குச் சம்பளம் கொடுப்பதால் பூஜை மாசுபட்டதா? ஆசிரியர் மாதந்தோறும் ஊதியம் பெறுவதால் மாணவனிடத்து அவருக்குள்ள வாஞ்சை குறைந்ததா? உழைப்பை ஒப்புக்கொள்வதால் கெட்டுப்போகிற அன்பு எங்கும் இல்லை. 1989-இல் ஜாம்ஷெட்பூரில் நேர்ந்த தீவிபத்தில் மாண்ட இல்லத்தரசிகளுக்கு நஷ்டஈடு நிர்ணயிக்கையில், 2001-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களுடைய பணியை மாதம் 3000 ரூபாயாக மதித்தது. 62 வயதுக்கு மேற்பட்ட மூதாட்டியருக்கோ வருஷத்துக்கு 20,000 ரூபாய்தான் என்றது. தொகை சிறிது, அதிலும் பாட்டிமாருக்கு இன்னும் சிறிது. ஆயினும் அது உழைப்பே என்பதைத் தேசத்தின் உயர்ந்த நியாயஸ்தலம் ஏற்றுக்கொண்டது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போய், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்திலும், வீட்டைக் காத்து அந்தச் சம்பாத்தியத்துக்கு வழிசெய்த மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு பாட்டியின் காலத்தில் வந்திருந்தால் அந்தப் பத்திரத்தில் இரண்டு பெயர்கள் இருந்திருக்கும்.

இது பழைய தலைமுறையோடு ஒழிந்த கதை என்று யாரும் ஆறுதல் கொள்ளவேண்டாம். 2019-இல் மத்திய அரசாங்கம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷம் செலவிட்டாள். அதில் ஈடுபடும் ஆணோ 97 நிமிஷம்.

ஆகவே, இதைப் படிப்பவர்களை நான் வேண்டுவது இதுதான். உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், அவர் என்னென்ன வேலைகள் எப்படிச் செய்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு எழுதிவையுங்கள். அவர் மறைந்தபின் பத்திரிகைக்கு அனுப்பும் நினைவஞ்சலியில் தியாகச் சுடர் என்று எழுதாதீர்கள். எத்தனை பேருக்கு எத்தனை வருஷம் சமைத்தார், எத்தனை பிரசவம் பார்த்தார், எந்தக் கடனை அடைத்தார் என்று எழுதுங்கள். வீடு கணவர் பெயரில் மட்டும் இருக்குமானால், இருவரும் உயிரோடிருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் மனைவியின் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.