வடிகால் இல்லாமல் குடிநீர் இணைப்பு இல்லை: புதிய குடியிருப்புகள் குறித்து நமது நிலைப்பாடு

மலையிடப் பகுதிகளில் அங்கீகாரம் பெறாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்குக் கால நீட்டிப்பு மேல் கால நீட்டிப்பு தரப்பட்டு வந்திருக்கிறது. இந்த நிலையில் புதிய குடியிருப்புகளுக்கான குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் இணைப்புகள் பற்றி நம் சங்கம் வாய் திறக்க வேண்டும் என்று கோத்தகிரி வட்டார உறுப்பினர்கள் பலர் வற்புறுத்தினர். செயற்குழு விவாதித்து ஏற்ற நிலைப்பாடு இது. எல்லா வரியிலும் எல்லோருக்கும் உடன்பாடு என்று சொல்ல முடியாது. அடிப்படைக் கோரிக்கையில் மட்டும் இரண்டாவது கருத்து எழவில்லை. கழிவுநீரும் மழைநீரும் எந்த வழியாக எங்கே போய்ச் சேரும் என்பது வரைபடத்திலும் நிலத்திலும் உறுதியாகும் வரை, எந்தப் புதிய மனைப்பிரிவுக்கும் குடிநீர் இணைப்பு தரக் கூடாது.

1990இல் வந்த ஹாகா (மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையம்), 1993ஆம் ஆண்டின் மலைப் பகுதிக் கட்டட விதிகள், ஏழு மீட்டர் உயர வரம்பு ஆகியவற்றின் கதையை உறுப்பினர்களுக்கு மீண்டும் சொல்லத் தேவையில்லை. 2017ஆம் ஆண்டின் வரன்முறை விதிகளில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. வரன்முறை ஆகாத மனைக்கு மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு கிடையாது என்று அவை கூறின. 2016 அக்டோபர் 20 அன்றோ அதற்கு முன்போ பிரிக்கப்பட்ட மனைகளுக்கு மட்டுமே சலுகை என்றும் வரையறுத்தன. ஆனால் வரன்முறை ஆணை கைக்கு வந்ததும் அந்தக் கடிவாளம் அவிழ்ந்துவிடுகிறது. துறைகளின் தடையின்மைச் சான்றுகள் கோப்பில் இருக்கலாம். வீடு கட்டிக் குடியேறிய பிறகு, குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க வருவது யார்? ஆணை வந்ததால் சரிவு சமவெளி ஆகிவிடாது.

கோத்தகிரியில் பாதாளச் சாக்கடை இல்லை. எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க், அதன் பக்கத்தில் ஓர் உறிஞ்சுகுழி. சமவெளியில் இது பெரும்பாலும் வேலை செய்யும் ஏற்பாடு. குழியில் இறங்கும் நீரை மண் நாலாபுறமும் வாங்கிக்கொள்ளும். மலைச்சரிவில் நடப்பது வேறு. தேயிலையைப் பிடுங்கி, படிபடியாக வெட்டி, வீட்டுக்கு மேல் வீடாக எழுப்பிய மனைப்பிரிவு எதையாவது போய்ப் பாருங்கள். மேல் வீட்டின் உறிஞ்சுகுழி கீழ் வீட்டின் சமையலறைச் சுவருக்கு நேராக நிற்கும். நடுவில் இருப்பது ஒரு தடுப்புச் சுவர். அந்தச் சுவரில் மழை நின்று பத்து நாள் கழித்தும் ஈரம் காயாது. ஈரத்தில் சோப்பு நாற்றம் அடிக்கும். சுவரில் நீர் வெளியேறத் துளைகூட விடாமல் பூசியிருப்பார்கள், பார்வைக்கு அழகாக இருக்க வேண்டுமாம்!

நம் மலையில் பாறைக்கு மேலே இருப்பது ஆழமாக மக்கிய செம்மண். நீர் புகப் புக அதன் எடை கூடும், பிடிப்பு குறையும். உள்ளே தேங்கிய நீரின் அழுத்தம் மண்ணைப் பாறையிலிருந்து பிரித்துத் தள்ளும். வடகிழக்குப் பருவமழைதான் கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்குப் பெருமழை. வருடம் முழுவதும் உறிஞ்சுகுழிகளால் ஊறிக் கிடக்கும் சரிவின் மேல்தான் அந்த மழை விழுகிறது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த வாரத்தில் நீலகிரி மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்ட உயிர்கள் மண்ணுக்குள் போயின. 1978இல் சரிவுகள் இடிந்ததும் இதே நவம்பரில்தான். மழையை நாம் தடுக்க முடியாது. சரிவை முன்கூட்டியே நனைத்து வைப்பதைத் தடுக்க முடியும். அதைச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் இயற்கைச் சீற்றம் என்று அறிக்கை விடுவதை இந்தச் சங்கம் இனி ஏற்காது.

செங்குத்தான சரிவுகளில் உறிஞ்சுகுழியை அடியோடு தடை செய்ய வேண்டும் என்பது குழுவில் பெரும்பான்மையோர் கருத்து. மாற்று ஏற்பாடு வராமல் தடை மட்டும் வந்தால் ஏழை வீடுகள்தான் சிக்கும் என்று சிலர் எச்சரித்தனர். அதில் நியாயம் உண்டு. எனவே தடைக் கோரிக்கையில் ‘இயன்ற இடங்களில் எல்லாம்’ என்ற சொற்களைச் சேர்க்க ஒப்புக்கொண்டோம். அந்தச் சொற்களைக் காட்டி மனை வணிகர் எவரும் தப்பிக்க இடம் தர மாட்டோம். பல மனைகள் கொண்ட பிரிவு என்றால் கசியாத தொட்டிகளும் பொதுச் சுத்திகரிப்பும் அமைப்பது பிரித்து விற்றவரின் செலவு. மனை வாங்கியவர் தலையில் அதைக் கட்டக் கூடாது.

செப்டிக் லாரி பற்றியும் ஒரு வார்த்தை. சாலையிலிருந்து படிக்கட்டில் இறங்கிப் போக வேண்டிய வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. லாரியின் குழாய் எட்டாத இடத்தில் தொட்டி கட்ட அனுமதித்தால், அது நிரம்பும் நாளில் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். இரவில் ஓடையில் திறந்துவிடுவார்கள், இல்லையென்றால் ஒரு மனிதரை உள்ளே இறக்குவார்கள். பின்னது, கையால் கழிவு அகற்றும் பணியைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முன்னதும் குற்றம்தான், ஆனால் பிடிபடுவோர் யார்? லாரி எட்டாத தொட்டிக்கு அனுமதி தரும் கையெழுத்தும் அந்தக் குற்றத்தில் பங்கு கொண்டது.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் மாநிலம் முழுவதும் கட்டாயம். மலையில் அது குழியில் இறக்குவதாக இல்லாமல், தொட்டியில் சேமித்து மிஞ்சியதைக் கல் வாய்க்கால் வழியாக ஓடைக்கு விடுவதாக இருக்க வேண்டும். ஓடைகள் நில அளவைப் புலப்படத்தில் உள்ளபடி நிலத்திலும் இருக்க வேண்டும்.

குடிநீர் அளவு பற்றித் தனி அறிக்கை வரும். ஈளாடா தடுப்பணையையும் ஊற்றுகளையும் நம்பியிருக்கும் நகரம் கோடையில் எப்படித் தவிக்கிறது என்பது குழாயடியில் குடம் வைத்தவர்களுக்குத் தெரியும். லாங்வுட் சோலை 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததில் நமக்குப் பெருமை. அந்தச் சோலை ஊறவைக்கும் நீரைக் குடிக்கும் ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) மேலே செப்டிக் தொட்டிகள் வரிசை கட்டினால் அந்தப் பெருமை யாருக்கு உதவும்?

இந்த நிலைப்பாடு இரண்டு சென்ட், மூன்று சென்ட் வாங்கி வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்களுக்கு எதிரானது அல்ல. அவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் நம் உறுப்பினர்களும் உண்டு. ஏற்கெனவே குடியிருக்கும் சிறு வீடுகளின் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அவர்களுக்கு நியாயமான அவகாசம் தரலாம். அவர்கள் கட்டிய வரன்முறைக் கட்டணமும் அபிவிருத்திக் கட்டணமும் அந்தந்தச் சரிவின் வடிகாலுக்கே செலவாக வேண்டும். வெளியூர் வார விடுமுறைக்காரர்களுக்காக எழும் வில்லாக்களுக்கும் விடுதிகளுக்கும் எந்த அவகாசமும் வேண்டாம்.

மாவட்ட ஆட்சியரும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் உள்ளாட்சி நிர்வாகமும் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதற்கான ஆணையைப் பிறப்பிக்க வேண்டும் என்று கோருகிறோம். உறுப்பினர்கள் இந்த அறிக்கையைக் கிராம சபையிலும் பகுதி சபையிலும் வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கு மேலே புதிதாக நிலம் வெட்டப்பட்டால், அதன் வடிகால் வரைபடம் எங்கே என்று எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வராத ஒவ்வொரு மனுவின் நகலையும் சங்கத்துக்கு அனுப்புங்கள்.