எக்செல் தெரிஞ்சா போதுமா?

அக்கா பையன் பி.ஏ. எகனாமிக்ஸ், டேட்டா அனலிடிக்ஸ் சேர்ந்த கோர்ஸ்ல சேரப் போறானாம். "சாஃப்ட்வேர் எல்லாம் சொல்லித் தர்றாங்க மாமா"ங்கறான். எனக்கென்னவோ அது மட்டும் போதாதுன்னு தோணுது.

2010-ல் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு பேராசிரியர்கள், அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய வளர்ந்த நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று எழுதினார்கள். செலவைக் குறைக்கச் சொன்ன அரசியல்வாதிகள் இதைத்தான் மேற்கோள் காட்டினார்கள். 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்கிற ஆராய்ச்சி மாணவர் அந்த எக்செல் ஃபைலை வாங்கிப் பார்த்தால், சராசரியில் ஐந்து நாடுகளே விட்டுப் போயிருக்கு! மற்ற குறைகளையும் சரி செய்தால் வளர்ச்சி 2.2 சதவீதம்.

எக்செல் அந்தப் பேராசிரியர்களுக்கும் தெரியும்தானே? நம்பரைப் பார்த்ததும் சந்தேகப்படச் சொல்லித் தர்ற காலேஜா பாருடான்னு சொல்லியிருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?