வானூர்தியும் தெப்பமும்

உயரப் பறப்பதை அண்ணாந்து நோக்கி வியத்தல் மக்கட்கு இயல்பு. பறந்தது எங்கே இறங்கிற்று, எவ்வாறு இறங்கிற்று என்று வினவுவார் மிகச் சிலரே. இக்காலத்தில் கல்லூரி மாணவர் பலர் ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தியைத் தம் கையாலேயே இணைத்துப் பறக்கவிடக் காண்கின்றோம், கண்டு மகிழ்கின்றோம். ஆயினும், அவ்வூர்தி நீர்ப்பரப்பின்மீது வந்து அமர்தற்கு ஒரு மிதக்கும் இறங்குமேடை அமைப்பதே, அதனைப் பறக்கவிடுவதினும் மாணவர்க்கு மிகுந்த கல்வியையும் நாட்டுப்புறத்தார்க்கு மிகுந்த பயனையும் அளிக்கவல்லது என்பது எமது துணிபு. அதற்குரிய காரணங்களை ஈண்டு எடுத்துரைப்போம்.

பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற விருத்தாசலத்திற்குத் தெற்கே, ஜயங்கொண்டம் செல்லும் சாலையில், வெள்ளாற்றை அடுத்துள்ளது கருவேப்பிலங்குறிச்சி. கோடையில் அவ்வாற்றைக் காண்போர், இது மணல்வெளியோ ஆறோ என ஐயுறுவர். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மிகுமாயின், அதே ஆறு கரைபுரண்டு, வயலும் வழியும் தெரியாவண்ணம் பரவும். 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தாற் பட்ட துன்பத்தை எவரும் எளிதில் மறவார். அத்தகைய நாளில் கரை உடைந்த இடம் எது, உணவின்றி மக்கள் ஒதுங்கி நிற்கும் மேடு எது என்பவற்றை விரைந்து கண்டு சொல்ல வானூர்தியினும் ஏற்ற கருவி அரிது. 2013 ஜூன் மாதத்தில் உத்தரகண்டத்தில் வெள்ளம் பெருகியபோது, மும்பை ஐ.ஐ.டி.யிற் பயின்ற இளைஞர் தொடங்கிய ஐடியாஃபோர்ஜ் நிறுவனத்தாரின் ‘நேத்ரா’ ஊர்தி மீட்புப் பணியில் உதவியதை நாடறியும்.

ஆனால் இத்தகைய சிறிய ஊர்திகளுட் பெரும்பாலானவை ஒருமுறை மின்னேற்றினால் 20 அல்லது 30 நிமிடமே பறக்கும். அதற்குள் அவை திரும்பி இறங்கியாக வேண்டும். எங்கே இறங்குவது? வெள்ளக் காலத்திற் கரையே நீருள் அமிழ்ந்துவிடுகின்றது. மீட்புப் படகோ குறுகியது, ஆடுவது, மக்கள் நெருங்கி அமர்ந்திருப்பது. சுழலும் இறக்கைகளை அவர்தம் முகத்தருகே கொண்டுவருதல் தகாது. ஆதலின், படகின் பின்னே கயிற்றாற் கட்டி இழுத்துச் செல்லத்தக்க, அல்லது நீரில் நங்கூரமிட்டு நிறுத்தத்தக்க தனி மேடை இன்றியமையாததாகின்றது. அஃது இல்லையேல், பல்லாயிரம் ரூபாய் மதிப்புள்ள கருவியும், அது கண்டு வந்த செய்தியும் ஒருங்கே ஆற்றோடு போம்.

புறப்படுதல் எளிது, இறங்குதலே அரிது என்பதற்கு விமான சரித்திரமே சான்று. யூஜின் ஈலி என்னும் அமெரிக்கர் 1910 நவம்பர் 14-இல் ஒரு கப்பலின் தளத்தினின்று விமானத்தை எழுப்பிச் சென்றார். கப்பலின்மீது அவர் இறங்கியதோ 1911 ஜனவரி 18-ஆம் நாளில்தான். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற ‘பென்ஸில்வேனியா’ என்னும் போர்க்கப்பலில் மரத்தளம் ஒன்று அமைத்து, இருமுனையிலும் மணல் மூட்டை கட்டிய கயிறுகளை அதன் குறுக்கே இட்டிருந்தனர். விமானத்தின் அடியிலிருந்த கொக்கிகள் அக்கயிறுகளைப் பற்றவே, அது நின்றது. உலகம் வியந்த அச்செயலை முடித்துவைத்தவை கயிறும் மணலுமே என்பதை நம் மாணவர் உன்னுதல் வேண்டும். நம் காலத்திலும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தார் தம் ராக்கெட்டைக் கடலில் மிதக்கும் தளத்தின்மீது இறக்க 2015 ஜனவரி முதல் முயன்று, பன்முறை தவறினர். 2016 ஜனவரியில் ராக்கெட் தளத்தைத் தொட்டும், அதன் கால்களுள் ஒன்று பூட்டிக்கொள்ளாமையாற் சாய்ந்து விழுந்தது. 2016 ஏப்ரல் 8-ஆம் நாளிலேதான் அம்முயற்சி கைகூடிற்று.

நிற்க. இத்தகைய மேடை அமைத்தல் பெருஞ்செல்வர்க்கே இயலும் என்று கருதவேண்டா. தைப்பூசத்தில் மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்திலே தெப்பம் மிதப்பதைக் கண்டோர்க்கு இதன் தத்துவம் புதிதன்று. குடிநீர் விற்கும் 20 லிட்டர்க் கேன்கள் நான்கினை நன்கு மூடி, 1.2 மீட்டர்ச் சதுரமான மூங்கிற் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் கட்டுவோமாயின், அவை முழுதும் அமிழுமுன் ஏறக்குறைய 80 கிலோ எடையைத் தாங்கும். சட்டம், தளம், ஊர்தி அனைத்தும் சேர்ந்து 25 கிலோவுக்கு மேற்படாமல் அமைத்தல் கூடும். ஆர்க்கிமிடீஸ் விதியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த மாணவன், இங்கு அதனைத் தன் தோளிற் சுமந்து சென்று நீரில் இட்டுப் பார்க்கின்றான்.

மிதத்தல் ஒன்று, சாயாதிருத்தல் வேறொன்று. 1746-இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே கப்பல்களின் நிலைபேற்றைக் கணித முறையால் ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அந்நெறியை நம் சிறு மேடைக்குப் பொருத்தினால் விளங்கும் உண்மை இது: மிதவைகளை நடுவினின்று இருமடங்கு விலக்கி அமைப்பின், மேடை சாய்வை எதிர்க்கும் வலிமை ஏறக்குறைய நான்மடங்காகும். 1.5 கிலோ ஊர்தி அகன்ற மேடையின் ஓரத்தில் இறங்கினும் ஒரு பாகை அளவுதானும் அது சாய்வதில்லை. எடை மேலே குவிந்தால் நிலைபேறு குன்றும். கீழே தொங்கினால் மிகும். விருத்தாசலத்துச் சூளைகளிற் பழுதென்று ஒதுக்கிய பீங்கான் துண்டுகளைச் சாக்கிற் கட்டி மேடையின் அடியிலே தொங்கவிடுதல் இதற்கு ஏற்ற உபாயம். பளபளக்கும் பீங்கான் ஓடுகளை மேற்றளத்திற் பதித்தல் அழகாயிருப்பினும் தகாது. மேல் எடை ஏறும். வெயில் பட்டு மின்னி ஊர்தியின் கேமராவைக் கூசச்செய்யும். நெருக்கமான வலையே தளத்திற்கு ஏற்றது. இறக்கைகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்று அதனூடே கழியும், நீரும் தேங்காது, ஊர்தியின் கால்களும் வழுக்கா.

இனி, மேடை எங்குள்ளதென ஊர்தி அறிவது எங்ஙனம்? ஜி.பி.எஸ். காட்டும் இடம் சில மீட்டர் அளவு பிழைபடுதல் இயல்பு. மேடையோ ஒரு மீட்டரிற் சற்றே பெரிது. ஓடும் நீரைக் கீழ்நோக்கிக் காணும் கேமரா, நகர்வது நீரோ தானோ என்று மயங்கும். ஆதலின் மேடையின்மேல் ஒரு குறி வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்து எட்வின் ஓல்சன் 2011-இல் வெளியிட்ட ‘ஏப்ரல்டேக்’ என்னும் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறிகள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. உயரத்திலிருந்து காண்பதற்குப் பெரிய குறி ஒன்றும், அணுகியபின் காண்பதற்குச் சிறிய குறி ஒன்றும் இடுதல் நலம். 2017 மார்ச்சில் அபுதாபியில் நடந்த போட்டியொன்றிற் பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தார் ஓடும் வண்டியின்மீது ஊர்தியைத் தானே இறங்கச் செய்ய முயன்றனர் என்பதால், இஃது அறிஞர்க்கும் சவாலான துறையே என்பது பெறப்படும். மேடையை ஒற்றைக் கயிற்றால் நிறுத்தின் அது சுழன்றுகொண்டே இருக்கும். நீரோட்டத்தை எதிர்நோக்கிய இரு மூலைகளினின்றும் இரு கயிறு கட்டுதல் வேண்டும். இதனைக் கணக்கிட்டு அறியலாம்; பரிசல் ஓட்டியிடம் கேட்டும் அறியலாம்.

சிலர் மறுத்துக் கூறுவர்: “பணம் கொடுத்தாற் கடையிலேயே கிடைக்குமே, மாணவர் ஏன் மூங்கிலும் கேனும் தேடி அலைதல் வேண்டும்?” ஊர்தியின் உறுப்புக்களுட் பெரும்பாலானவை ஏற்கெனவே விலைக்கு வாங்கப்படுவனவே, மோட்டாரும் மின்கலமும் கட்டுப்பாட்டுப் பலகையும் அயலார் வகுத்தவை. மேடையையும் வாங்கிவிட்டால் மாணவன் தானே சிந்திப்பதற்கு எஞ்சுவது யாது? வேறு சிலர், “ஆண்டிற் பெரும்பகுதி வெள்ளாற்றில் நீரே இல்லையே” என்பர். ஆற்றில் நீரில்லாக் காலத்தும் வீராணம், வெலிங்டன் போன்ற ஏரிகள் உள்ளன. அன்றியும், வறண்ட ஆற்றில் இறங்கும் ஊர்தி எழுப்பும் மணல் அதன் மோட்டாருள்ளே புகுந்து கெடுக்குமாதலின், அம்மேடை மணலின்மேலும் உதவும்.

மூன்றாவது மறுப்பு ஒன்றுண்டு; அதனை யாமும் ஏற்கின்றோம். நீர் அபாயமானது. மணல் எடுத்த குழிகள் நிறைந்த ஆற்றில், நீந்தத் தெரிந்தவனும் திடீரென ஆழத்திற் சிக்குவான். எந்தப் பரிசும் ஒரு மாணவனின் உயிர்க்கு ஈடாகாது. ஆதலின் முதற்சோதனை ஆழமற்ற தொட்டியிலும், அடுத்தது அமைதியான குளத்திலும் நிகழ்தல் வேண்டும். மிதவைச் சட்டையின்றி எவரும் நீரில் இறங்கலாகாது. ஆற்றை அறிந்த படகோட்டி ஒருவர் உடனிருத்தல் வேண்டும். வெள்ளக் காலத்தில் மாணவர் ஆற்றங்கரையை அணுகவே கூடாது. ஆக்கிய மேடையைப் பயிற்சி பெற்ற மீட்புப் படையினரிடம் ஒப்புவித்தலே அக்காலத்து மாணவர் கடமை. வானிலும் ஒழுங்குண்டு. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் 250 கிராமுக்கு மேற்பட்டு 2 கிலோ வரையுள்ள ஊர்தியை ‘மைக்ரோ’ வகையிற் சேர்க்கின்றன. பறக்கவிடுமுன் அவ்விதிகளையும், பறக்கத் தடையுள்ள இடங்களைக் காட்டும் வரைபடத்தையும் கற்றறிதல் முறை.

நம் மாணவர்க்கு ஆற்றல் இல்லை என்பாரும் உளர். சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. கல்லூரியின் ‘தக்ஷா’ குழுவினர், மருத்துவ மாதிரியை வானூர்தியில் ஏற்றிவரும் பன்னாட்டுப் போட்டியில் 2018-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிற் கலந்துகொண்டு இரண்டாமிடம் பெற்றதை அன்னோர் அறிவாராக. ஆற்றல் உண்டு, அதனை எத்திசையிற் செலுத்துவது என்பதே வினா.

கல்லூரித் தலைவர்கட்கும் ஆசிரியர்கட்கும் யாம் பணிவுடன் விடுக்கும் விண்ணப்பம் இது. பரிசு வழங்குங்கால், எவ்வளவு உயரம் பறந்தது என்று மட்டும் அளவாமல், ஆடும் நீர்மேல் பத்துமுறை இறங்கச் சொன்னால் எத்தனை முறை நனையாமல் இறங்குகின்றது என்றும் அளப்பீர்களாக. ஊர்தி செய்தோர் பெயருக்கு அருகில் மேடை செய்தோர் பெயரையும் பொறிப்பீர்களாக. தச்சரையும் படகோட்டியையும் சூளைத் தொழிலாளரையும் ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, மாணவர் முன் ஆசிரியராக அமர்த்துவீர்களாக. ஒவ்வொரு தவற்றையும் நாட்குறிப்பில் எழுதிவைக்க மாணவரைப் பழக்குவீர்களாக. அடுத்த ஆண்டில் வருவோர்க்கு அதுவே பாடநூலாகும்.

மாணவ நண்பர்களே! விசையை அழுத்தினால் ஊர்தி உயரும். அதற்குக் கைதட்டுவார் பலர். அது நலமே திரும்பிவந்து அமரும் இடத்தை ஆயத்தம் செய்வோனைக் காண்பார் சிலரே. ஆயினும், அடுத்த பெருமழையில் வெள்ளாற்றங்கரைக் குடிசையொன்றின் கூரைமேல் நிற்கும் தாயும் சேயும் மீட்புப் படகை எதிர்நோக்கும் வேளையில், அப்படகிற்கு வழிகாட்டும் ஊர்தி மீண்டும் மீண்டும் வந்திறங்கி மின்கலம் மாற்றிச் செல்வதற்கு நீங்கள் கட்டிய தெப்பமே துணையாகும். இவ்வாண்டு மழைக்காலத்திற்கு முன்னரே அப்பணியைத் தொடங்குவீர்களாக.