‘இன்னும் முடியவில்லை’ என்று எழுதத் தயங்காதீர்கள்

கோப்பிக்கடையில் ‘கோப்பி ஓ கோசோங்’ கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி வரும். ‘கோப்பி சி’ என்றால் ஆவியாக்கிய பாலும் சர்க்கரையும் சேரும். வெறும் ‘கோப்பி’ என்றால் கெட்டியான இனிப்புப் பால். கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்திருப்பதில்லை. எல்லாப் பொருள்களும் அடங்கிய ஒரே பட்டியலும், எதற்கு எது சேரும் என்ற விதிகளும் அவருக்குப் போதும்.

கார், விமானம் தயாரிக்கும் பொறியாளர்களும் இதையே செய்கிறார்கள். எந்தப் பாகம், எத்தனை, எந்தப் பதிப்பு என்று சொல்லும் ஆவணத்தைப் பாகப் பட்டியல் என்கிறோம். எல்லா வகைகளுக்குமான பாகங்களும் அதில் இருக்கும். வாடிக்கையாளரின் தேர்வுகளைக் கொடுத்தால், அவருக்குரிய பாகங்களை மட்டும் மென்பொருள் பிரித்துத் தரும்.

ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே முடிந்துபோன வேலை அல்ல. சில பாகங்கள் இன்னும் வரைவு நிலையில் இருக்கும். வரைந்து, சோதித்து, பொறுப்பாளர் ஒப்புதல் தந்த பிறகே ஒரு பாகம் தயாரிப்புக்குப் போகலாம். அப்படியானால், ஒப்புதல் பெறாத பட்டியலை மற்றவர்களுக்குக் காட்டலாமா?

‘முடியும் வரை காட்டாதே’ என்பார்கள் சிலர். குழப்பம் வரும், யாராவது அதை நம்பித் தயாரித்துவிடுவார்கள் என்பது அவர்களின் அச்சம். நியாயமான அச்சம்தான். ஆனால் மறைத்து வைப்பது அதைவிட ஆபத்து என்பது என் கருத்து.

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு ஏர்பஸ் ஏ380. ஒவ்வொரு விமானத்திலும் 500 கிலோமீட்டருக்கும் அதிகமான மின்கம்பிகள் உண்டு. இருக்கை அமைப்பும் பொழுதுபோக்குத் திரைகளும் விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், கம்பிகள் செல்லும் பாதையும் மாறும். வடிவமைப்பில் திருத்தங்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரிலிருந்த குழு வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பையும், பிரான்சின் துலூஸ் நகரிலிருந்த குழு புதிய பதிப்பையும் பயன்படுத்தின. ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கம் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஹம்பர்க்கில் தயாரான கம்பிக் கட்டுகளைத் துலூஸில் பொருத்தப் பார்த்தபோது, பல பொருந்தவில்லை.

ஊழியர்கள் கம்பிகளைக் கழற்றிக் கையால் மீண்டும் இணைக்க நேர்ந்தது. 2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்டதும் தாய் நிறுவனத்தின் பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ கால் பங்கு சரிந்தது. அடுத்த மாதமே உயர் நிர்வாகிகள் பதவி விலகினர். 2006இல் வந்திருக்க வேண்டிய முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் 2007 அக்டோபரில்தான் வந்து சேர்ந்தது.

வேலை முடியாமல் இருந்தது இங்கே தவறல்ல. எது முடிந்தது, எது முடியவில்லை, எது நேற்று மாறியது என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியாமல் போனதுதான் தவறு.

ஆகவே முடியாத பட்டியலையும் காட்டுங்கள். ஆனால் மூன்று தகவல்களோடு காட்டுங்கள். ஒன்று, அதன் நிலை: வரைவா, சோதனையிலா, ஒப்புதல் பெற்றதா? இரண்டு, பதிப்பு எண். மூன்று, கடைசியாக மாற்றியவர் யார், எதற்காக மாற்றினார்? வரைவைப் பார்க்க எல்லாருக்கும் அனுமதி இருக்கட்டும். அதை வைத்துத் தயாரிக்க ஒருவருக்கும் அனுமதி வேண்டாம். நல்ல மென்பொருள் இந்த இரண்டையும் பிரித்துக் காக்கும். ஆனால் நிலையை உண்மையாகப் பதிவு செய்ய வேண்டியவர் மனிதர்தான்.

உங்கள் பள்ளியின் ரோபோ குழுவிலும் இதைத் தொடங்கலாம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘உண்மையான ஃபைனல்’ என்று கோப்புகளுக்குப் பெயரிடுவதை விட்டுவிட்டு, ‘வரைவு 3: மோட்டார் இன்னும் சோதிக்கப்படவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். அடுத்து அந்தக் கோப்பைத் திறக்கும் நண்பர், சோதிக்காத மோட்டாரை நம்பிச் சட்டத்தில் துளை போட மாட்டார்.