உறங்கும் பதினைந்தாம் பிரிவு

கடந்த மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்காகத் திருவரங்கம் வந்திருந்த என் தமக்கையின் மகளும் மருமகனும், தரிசனம் முடிந்த மறுநாள் திருச்சிக் கடைவீதிகளில் ஒரு முழுப் பகலைச் செலவிட்டனர். தை மாதத்தில் சிங்கப்பூரில் அவர்கள் வீட்டில் ஒரு திருமணம். பட்டுப் புடவைகள், மாப்பிள்ளைக்கு ஷெர்வானி, சீர்வரிசைக்குக் குத்துவிளக்குகள் என்று பெட்டிகள் நிறைந்தன. இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். அன்றிரவு விமான நிலையத்திலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, ஜிஎஸ்டியைத் திரும்ப வாங்குற இடம் எங்க இருக்கு? இங்க ஒண்ணும் கண்ணுல படலையே?"

துறையூரில் வீட்டில் அமர்ந்திருந்த நான், "அப்படி ஓர் இடம் இந்தியாவில் எந்த விமான நிலையத்திலும் கிடையாது" என்றேன். சட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் விளக்க வேண்டும். அவருக்கோ விமானத்துக்கு நேரமாகிவிட்டது. அந்த விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒருங்கிணைந்த சரக்கு-சேவை வரிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இந்தியாவை விட்டு வெளியேறும் சுற்றுலாப் பயணி தன்னுடன் எடுத்துச் செல்லும் பொருள்களுக்குச் செலுத்திய ஒருங்கிணைந்த வரி அவருக்குத் திருப்பித் தரப்படும் என்கிறது. நிபந்தனைகளும் வழிமுறைகளும் விதிகளில் வகுக்கப்படும் என்றும் அது கூறுகிறது. அவ்வாண்டு ஜூலை 1-ஆம் தேதி சட்டத்தின் பெரும்பாலான பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது, அந்த அறிவிக்கையில் 4 முதல் 13 வரையிலான பிரிவுகள் இருந்தன. 16 முதல் 19 வரையிலானவையும் இருந்தன. 14-ஆம் பிரிவு அதற்குச் சில நாள்கள் முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது. நடுவே இருந்த 15 மட்டும் விடுபட்டது. விடுபட்டது விடுபட்டதுதான்.

இதை அரசு வெளிநாட்டவருக்குக் காட்டும் சலுகை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சரக்கு-சேவை வரி என்பது நுகர்வின் மீதான வரி. ஒரு பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அங்கேதான் அதன் வரி சேர வேண்டும் என்பது அந்த வரியின் அடித்தளம். அதனால்தான் திருப்பூர்ப் பின்னலாடை கப்பலேறும்போது அதன் மீது இந்திய வரி நிற்பதில்லை. ஏற்றுமதியாளர் செலுத்திய வரி அவருக்குத் திரும்புகிறது. ஆயிரம் சட்டைகள் பெட்டகத்தில் போனால் ஏற்றுமதி. இரண்டு புடவைகள் ஒரு பயணியின் பெட்டியில் போனால் அது மட்டும் எப்படி உள்நாட்டு நுகர்வாகும்? அளவுதான் வேறு, பொருளாதார இயல்பு ஒன்றே.

சிங்கப்பூர் இதை எப்படிச் செய்கிறது என்பதை நம் ஊர்க்காரர்கள் பலர் அனுபவத்திலேயே அறிவர். அங்கு ஜிஎஸ்டி 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதம். திட்டத்தில் சேர்ந்துள்ள கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் பெற்ற மூன்று ரசீதுகள் வரை சேர்த்துக் கணக்கிடலாம். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டினால் விவரம் மின்னணு முறையில் பதிவாகிவிடும். வாங்கிய இரண்டு மாதங்களுக்குள் சாங்கி விமான நிலைய இயந்திரத்தில் கோரிக்கையை முடித்து, சுங்கத் துறை கேட்டால் பொருளைக் காட்ட வேண்டும். இடையில் நின்று செய்து தரும் முகமை தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும். வரி சேர்ந்த விலை 545 வெள்ளி என்றால் அதில் 45 வெள்ளி வரி. கட்டணம் போக மீதம் கைக்கு வரும். பேருந்தில் உட்லண்ட்ஸ் பாலம் கடந்து ஜொகூருக்குப் போகிறவருக்கு இது கிடையாது.

வேறொருவருக்கும் இது கிடையாது. அவரைப் பற்றித்தான் நான் அதிகம் சிந்திக்கிறேன்.

துறையூர், முசிறி, தொட்டியம் வட்டாரங்களில் எந்தத் தெருவில் கேட்டாலும் சிங்கப்பூரில் கட்டுமானத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை செய்யும் ஒருவரைக் காட்டுவார்கள். என்னிடம் படித்த மாணவர்களில் சிலரே அங்குதான் இருக்கின்றனர். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் அந்தத் தொழிலாளி, சிராங்கூன் சாலைக் கடைகளில் கைப்பேசி, வாசனைத் தைலம், போர்வை, பிள்ளைகளுக்கு மிட்டாய் என்று வாங்கிக் குவிப்பார். அத்தனையும் துறையூரில் நுகரப்படும் பொருள்கள். நுகர்விடக் கோட்பாட்டின்படி அவற்றின் மீது சிங்கப்பூர் வரி நிற்கக் கூடாது. ஆனால், சிங்கப்பூரில் வேலை செய்பவர் அந்தத் திட்டத்தில் சுற்றுலாப் பயணி அல்லர். நான்கு நாள் சுற்றிப் பார்க்க வந்த வசதி படைத்தவருக்கு 9 சதவீதம் திரும்புகிறது. இரண்டாண்டு உழைத்தவர் அதைச் செலுத்திவிட்டே விமானம் ஏறுகிறார். சிங்கப்பூரின் தரப்பில் ஒரு நியாயம் உண்டு: அங்கே வசிப்பவர் வாங்குவதில் எது அங்கேயே நுகரப்படும், எது வெளியேறும் என்று பிரித்தறிவது கடினம். நிர்வாகத்துக்கு எளிது என்பதற்காக வகுத்த எல்லைக்கோடு அது. ஆனாலும் அது யார் மீது விழுகிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கண்ணாடியை நம் பக்கம் திருப்பினால் ஒரு சுவையான செய்தி தெரிகிறது. நமது 15-ஆம் பிரிவு சுற்றுலாப் பயணியைக் குடியுரிமையால் வரையறுக்கவில்லை, வசிப்பிடத்தால் வரையறுக்கிறது. வழக்கமாக இந்தியாவில் வசிக்காதவர், குடியேறும் நோக்கமின்றி, ஆறு மாதங்களுக்கு மிகாமல் தங்குவதற்காகச் சட்டப்படி நுழைபவர், அவ்வளவுதான். அப்படியானால், ஒரு மாத விடுப்பில் துறையூருக்கு வந்து திரும்பும் அந்தத் தொழிலாளி, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் இந்த வரையறைக்குள் வர வாய்ப்பு இருக்கிறது. சொந்த நாட்டுக்குள் வருகிறவருக்குக் 'குடியேற்றமல்லாத நோக்கம்' என்ற சொற்றொடர் பொருந்துமா என்று ஓர் அதிகாரி வாதிடலாம். விதிகள் எழுதப்படும்போது இதற்குத் தெளிவான விடை வேண்டும். என் கருத்தில் விடை எளிது. அவர் தாய்க்கு வாங்கிக் கொடுத்த குளிர்பதனப் பெட்டி துறையூர் வீட்டில் இருக்கிறது; அதன் வரி இங்கேயே இருக்கட்டும். அவர் பெட்டியில் எடுத்துச் செல்லும் வேட்டியும் வெள்ளிக் கொலுசும் எல்லையைக் கடக்கின்றன. அவற்றின் வரி திரும்பட்டும். ஆள் யார் என்பதைவிடப் பொருள் எங்கே போகிறது என்பதே அளவுகோல்.

ஒன்பது ஆண்டுகளை நெருங்கியும் பிரிவு உறங்குவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. முதற்காரணம் தங்கம். நகைக்கு வரி 3 சதவீதம்தான். ஆனால் ஐந்து லட்ச ரூபாய் நகைக்கு அது பதினைந்தாயிரம். புறப்படும்போது காட்டி வரியைத் திரும்பப் பெற்ற அதே சங்கிலி, அடுத்த மாதம் அதே கழுத்தில் திரும்பி வந்தால் யார் கண்டுபிடிப்பது? 'குருவி' என்ற சொல்லுக்குத் திருச்சியில் அகராதி தேவையில்லை. தங்கம் பிடிபட்ட செய்தி இல்லாமல் இவ்விமான நிலையத்துக்கு மாதம் கழிவதும் அரிது. சுங்கத் துறையின் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முதற்கட்டத்தில் தங்கத்தை விலக்கிவிட்டு, துணி, பித்தளை, கைவினைப் பொருள்கள் ஆகியவற்றோடு தொடங்கலாம். நகை வணிகர்களுக்கு இது பிடிக்காது; பிடிக்காவிட்டாலும் தொடங்காமல் இருப்பதைவிட மேல்.

கடையிலேயே வரியை விலக்கிவிடலாமே என்றும் சிலர் கேட்பர். ஜப்பான் நெடுங்காலம் அப்படித்தான் செய்தது. வரியின்றி வாங்கிய பொருள்கள் நாட்டுக்குள்ளேயே மறுவிற்பனைக்குப் போயின. 2026 நவம்பர் முதல் அந்நாடும் வாங்கும்போது வரியைச் செலுத்தி, புறப்படும்போது திரும்பப் பெறும் முறைக்கு மாறுகிறது. நாம் அந்தத் தவற்றைச் செய்து பார்க்க வேண்டியதில்லை.

இந்தியாவிலும் ஓர் அரைமுயற்சி நடந்தது. 2019-இல், விமான நிலையத்தில் குடியேற்றப் பிரிவைத் தாண்டியுள்ள கடைகள் வெளியேறும் பன்னாட்டுப் பயணிகளுக்கு வரியின்றி விற்றால், அக்கடைகள் தாம் செலுத்திய வரியைத் திரும்பப் பெறலாம் என்று 95-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. 2022 ஜூலையில் அதே விதி, சேர்க்கப்பட்ட நாளிலிருந்தே இல்லாததாகக் கருதி நீக்கப்பட்டது. அது இருந்தபோதும் திருச்சி பெரிய கடைவீதிக்காரருக்கோ உறையூர் நெசவாளருக்கோ அதனால் ஒரு பைசாப் பயன் இல்லை. பயன் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருந்த சில கடைகளோடு நின்றது.

வரியைத் திருப்பித் தந்தால் வெளிநாட்டவர் வந்து குவிவார்கள் என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. பிரிட்டன் 2021 ஜனவரியில் வட அயர்லாந்து தவிர்த்த பகுதிகளில் இத்திட்டத்தைக் கைவிட்டது. 2022 செப்டம்பரில் ஒரு நிதியமைச்சர் மீண்டும் கொண்டுவருவதாக அறிவித்தார். அடுத்த மாதமே அவருக்குப் பின் வந்தவர் அந்த அறிவிப்பை ரத்து செய்தார். பாரிஸில் வாங்குவதா லண்டனில் வாங்குவதா என்று தேர்ந்தெடுக்கும் கைப்பை வாடிக்கையாளருக்கு 20 சதவீதம் பெரிய வேறுபாடு என்று கடைக்காரர்கள் இன்றும் வாதிடுகின்றனர். நமக்கு அந்த வாதம் பொருந்தாது. அரங்கனைக் காணவும் அத்தை மகள் திருமணத்துக்கும் வருகிறவர், 5 சதவீதத்துக்காக வருவதுமில்லை. அது இல்லையென்று வராமலிருப்பதுமில்லை. மேலும் 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு வரி குறைந்துவிட்டது. புடவைக்கு 5 சதவீதம். 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆயத்த ஆடைக்குத்தான் 18 சதவீதம். எண்பதாயிரம் ரூபாய்ப் புடவைகளுக்கு நாலாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் ஷெர்வானிக்கு 2,700. என் மருமகன் இழந்தது இந்த 6,700 ரூபாய். சிறிய தொகைதான். ஆனால் திருப்பித் தருவதாகச் சட்டத்தில் எழுதிவிட்டுத் தராத தொகை.

எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொரு பயன். திருப்பிப் பெற வேண்டுமானால் முறையான ரசீது வேண்டும். "பில் வேணுமா, வேண்டாமா?" என்று கடைக்காரர் கேட்கும் ஊரில், "வேணும்" என்று அழுத்திச் சொல்ல வாங்குபவருக்கே ஒரு காரணம் கிடைக்கிறது. எந்த ஆய்வாளரும் கடைக்குள் நுழையாமலே விற்பனை கணக்கில் ஏறுகிறது. பயணிக்குத் திரும்பும் தொகையில் ஒரு பகுதியாவது இப்படி வேறு வழியில் அரசுக்குக் கிடைத்துவிடும்.

இதைத் தொடங்குவதற்குத் திருச்சியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இங்கு உள்நாட்டுப் பயணிகளைவிடப் பன்னாட்டுப் பயணிகளே அதிகம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா என்று வழித்தடங்கள் குறைவு. வருவோர் பெரும்பாலும் உறவும் வேரும் உள்ளவர்கள். 2024 ஜனவரி 2-ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்து, ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தில் இடப் பற்றாக்குறையும் இல்லை. மத்திய அரசு பிரிவை அறிவிக்கை செய்து விதிகளை வகுக்க வேண்டும். ஜிஎஸ்டி மன்றத்தில் தமிழ்நாடு அரசு இதைக் கேட்க வேண்டும். மாநிலம் இதுவரை உரக்கக் கேட்டதாக என் நினைவில் இல்லை.

கூடவே கடைகளின் கணினியிலும் ஒரு மாற்றம் தேவை. திருச்சிக் கடையில் விற்றால் வழக்கமாக மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. 15-ஆம் பிரிவோ ஒருங்கிணைந்த வரியை மட்டுமே திருப்பித் தரச் சொல்கிறது. இந்த முரணைச் சட்டம் எழுதியவர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். அத்தகைய பயணிக்கு விற்பதை மாநிலத்துக்குள் நடந்த விற்பனையாகக் கருதக் கூடாது என்று 8-ஆம் பிரிவில் ஒரு வரம்பு வைத்தனர். மாநிலத்தின் கருவூலத்துக்குப் போய்விட்ட பாதியை மத்திய சுங்கத் துறை விமான நிலையத்தில் எடுத்துக் கொடுக்க முடியாது என்பதால் செய்த நல்ல ஏற்பாடு அது. கடவுச்சீட்டு எண்ணைப் பதிந்தவுடன் ரசீது ஒருங்கிணைந்த வரிக்கு மாறும்படி மென்பொருள் இருந்தால் போதும்.

மருமகன் தம் ரசீதுகளைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். புடவைக் கடையும் ஆயத்த ஆடைக் கடையும் தந்தவற்றில் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரித்தே அச்சாகியிருந்தது. 15-ஆம் பிரிவு அன்றே விழித்திருந்தாலும் அவற்றுக்கு எதுவும் கிடைத்திருக்காது. குத்துவிளக்குக்குக் கிடைத்தது கையால் தொகை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.